வெட்கப்படுத்தி வளர்க்கிறோம்

2022 நவம்பர் கடைசியில் பெங்களூருவின் சில தனியார் பள்ளிகளில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பைகளைச் சோதனை போட்டார்கள். வகுப்புக்குக் கைப்பேசி கொண்டுவருகிறார்கள் என்ற புகார்கள் பெருகியதால், கர்நாடகப் பள்ளி நிர்வாகங்களின் சங்கம் சொல்லி நடந்த சோதனை அது. கைப்பேசியோடு ஆணுறை, கருத்தடை மாத்திரை, சிகரெட், லைட்டர், ஒயிட்னர் எல்லாம் வெளியே வந்தன. செய்தி நாடு முழுக்கப் பறந்தது. இந்தத் தலைமுறை எங்கே போகிறது என்று பெரியவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பள்ளிகள் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசின. பிள்ளையைக் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தன.

அந்தப் பரபரப்பில் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையின் பையைக் கூடப் படிக்கிறவர்கள் பார்த்திருக்கத் திறந்தால், மறுநாள் அது எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழையும்? தப்பு எதுவும் செய்யாத பிள்ளையும் அன்று பையை நீட்டிக்கொண்டுதானே நின்றிருக்கும்? சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. தலைமையாசிரியர் அறையில், பெற்றோரில் ஒருவர் உடனிருக்க, கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். நம் பள்ளிகளுக்கு அது சட்டென்று தோன்றாது. வீடுகளுக்கும்தான். பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர நாம் முதலில் கையில் எடுப்பது, நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதை.

அதே நாம்தான், நண்பர்களின் கேலிக்குப் பயந்து பள்ளிக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கும் காலையில், “மத்தவங்க சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்காதடா” என்று புத்தி சொல்கிறோம். ஆட்டோ வாசலில் நிற்கிறது, டிபன் பாக்ஸ் மூடியாகவில்லை, அந்த அவசரத்தில் இதைவிட நீளமாகப் பேச முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியால் எதுவும் நடப்பதில்லை. அடுத்தவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளும்படிதான் அந்தப் பிள்ளையை அதுவரை வளர்த்திருக்கிறோம்.

எண்ணிப் பாருங்கள். விருந்தாளி வந்தால் மூன்று வயதுக் குழந்தை ரைம்ஸ் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்ல மறுத்தால் “இவளுக்கு ரொம்ப வெட்கம்” என்று எல்லோரும் சிரிப்போம். ஐந்து வயதில் படுக்கையை நனைப்பது அத்தை வீடுவரை போய்ச் சேரும். பள்ளியில் விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கும் ஆசிரியர் இன்றும் இருக்கிறார். கடைசித் தாளுக்கு உரியவன் எழுந்து நடந்துவரும் அந்தப் பத்தடி தூரம் வகுப்புக்கே வேடிக்கை. ஃபீஸ் கட்டாத பிள்ளையை வெளியே நிற்க வைப்பது, கறுப்பாக இருக்கிறாள், குண்டாக இருக்கிறான் என்று சொந்தக்காரர்களே பட்டப்பெயர் வைப்பது எல்லாம் இதில் சேர்த்திதான். தன் மதிப்பு தன்னைப் பார்க்கிறவர்கள் கையில் இருக்கிறது என்பதைப் பத்து வயதுக்குள் பிள்ளை நன்றாகப் படித்துவிடுகிறது. பிறகு பதிமூன்று வயதில் அந்தப் பாடத்தை மறந்துவிடச் சொல்கிறோம்.

அதுவும் மறக்கவே முடியாத வயதில் சொல்கிறோம். வளரிளம் பருவத்தில் ஒரு பிள்ளைக்கு ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். முகத்தில் ஒரு பரு வந்தால் வகுப்பு முழுக்க அதையே பேசுவதாகப் படும். கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று எந்நேரமும் தன்னைச் சுற்றி இருப்பதாக நினைக்கும் இந்தப் போக்கை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கிண்ட் 1967-இல் விரிவாக எழுதினார். அது வளர்ச்சியின் ஒரு கட்டம். அதை நோயாக நினைத்து வைத்தியம் தேட வேண்டியதில்லை, திமிர் என்று அடக்கவும் வேண்டியதில்லை. பெரியவர்களிடமும் இதன் மிச்சம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பழைய பாடகர் ஒருவரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாட்டி, பிறர் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கூச்சம் தரும் சட்டை. அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேராவது அதைக் கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வை எட்டாம் வகுப்பில் ஒரு விளையாட்டாகவே செய்து பார்க்கலாம். அறிவுரை செய்யாததை அது செய்யும். மற்றவர்கள் தன்னைக் கவனிப்பது தான் நினைப்பதில் பாதிகூட இல்லை என்று பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடிக்கும்.

உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றியும் இதே கதைதான். “அழாதே”, “கோபப்படாதே”, “இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?” என்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் தடையுத்தரவுகள். ஆண்பிள்ளை என்றால் உத்தரவு இன்னும் கடுமை. ஆனால் உணர்ச்சியை அடக்கச் சொல்வதைவிட அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வது வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மேன் குழு 2007-இல் வெளியிட்டது அது. ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அபாயமணி அடிக்கும் மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. நம் பிள்ளைகளிடம் எல்லாவற்றுக்கும் “டென்ஷன்”, “கடுப்பு” என்ற இரண்டே பெயர்கள்தான் இருக்கின்றன. பொறாமை, ஏக்கம், அவமானம், குற்றவுணர்வு எல்லாவற்றையும் அந்த இரண்டுக்குள் திணித்துவிடுகிறார்கள். சேர்த்துக்கொள்ளாமல் விட்டார்களே என்ற வருத்தம் வேறு, தோற்றுவிட்டோமே என்ற எரிச்சல் வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அடுத்து என்ன செய்வது என்பதையும் கொஞ்சம் யோசிக்கும்.

இதற்குப் படிப்பு, பட்டம் எதுவும் வேண்டாம். “இன்னைக்கு என்ன மார்க்?” என்று கேட்கும் இடத்தில் “இன்னைக்கு எது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் விட்டுவிடலாம். பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் ஏழரை மணிக்கு வீடு திரும்பும் அம்மாவுக்கும், சர்ஜாபூர் சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்துவிட்டு வரும் அப்பாவுக்கும் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. இந்த ஊர் பெற்றோரிடமிருந்து முதலில் பிடுங்கிக்கொள்வது மாலை நேரத்தை. ஆகவே எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டிவிட முடியாது.

பள்ளி இங்கேதான் வருகிறது. பெங்களூரு இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர் என்றே சொல்ல வேண்டும். ஓசூர் சாலையில் நிமான்ஸ் இருக்கிறது. அகில இந்திய மனநல நிறுவனத்தையும் பழைய மனநல மருத்துவமனையையும் இணைத்து 1974-இல் உருவான நிறுவனம். நம் ஆட்களுக்கு இன்றும் அந்தப் பெயர் ஒரு பயம்தான். பேருந்தில் அந்த நிறுத்தத்தில் இறங்குவதற்கே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் நோய் வராமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலையில் ஒரு பங்கு. அங்கே மருத்துவ உளவியல் துறையில் இருந்த மாளவிகா கபூர் பள்ளிகளில் மனநலம் என்பதைத் தன் ஆயுள் வேலையாகவே எடுத்துக்கொண்டவர்; இந்தியப் பள்ளிகளை வைத்து அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் உணர்ச்சிகளைக் கையாள்வதும் மன அழுத்தத்தைக் கையாள்வதும் உண்டு. அந்தப் பத்தையும் நம் ஊர் வகுப்பறைக்கு ஏற்றபடி விளையாட்டு, நாடகம், குழு உரையாடல் என்று மாற்றி ஒரு பாடத்திட்டமாகவே நிமான்ஸ் செய்து கொடுத்தது. நடத்துவதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை. கணக்கு வாத்தியாரே சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு நடத்தலாம்.

அது வேலை செய்கிறதா என்று பார்த்தவர்களும் உண்டு. ஸ்ரீகலா பரத், கிஷோர் குமார் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. கர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களில் உயர்நிலைப் பள்ளிகளில் இந்தத் திட்டம் நடந்திருந்தது. வாழ்க்கைத் திறன் வகுப்பில் உட்கார்ந்த 605 மாணவர்களை, அதே வயது, அதே பொருளாதார நிலை கொண்ட, வகுப்பு நடக்காத பள்ளிகளைச் சேர்ந்த 423 மாணவர்களோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து முதல் குழுவினருக்குத் தன்மதிப்பு கூடியிருந்தது. கஷ்டத்தைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஆசிரியர்களோடும் பள்ளியோடும் நன்றாக ஒத்துப்போனார்கள். அடுத்தவருக்கு உதவும் குணமும் அதிகம் தெரிந்தது.

இதுவரை படித்துவிட்டு மகிழ்ச்சியடைந்து நிறுத்திவிடலாம். நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்த ஆய்வின் அடுத்த வரியை. வீட்டோடு ஒத்துப்போவதிலும், சக வயதுப் பிள்ளைகளோடு ஒத்துப்போவதிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. மனநலச் சிக்கல்களின் அளவிலும் வித்தியாசம் இல்லை. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர் மாறினார், பிள்ளைக்கும் பள்ளிக்கும் இருந்த உறவு மாறியது. வீட்டில் எதுவும் மாறவில்லை, அங்கே பிள்ளையும் பழையபடியே இருந்தது. இது நான் படிக்கும் விதம். வேறு விளக்கமும் இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அதைச் சுற்றியிருக்கும் பெரியவர்களை அப்படியே விட்டுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும் என்று அந்த எண்கள் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. பிள்ளைகளுக்கான ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெளியே காரில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்க்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிக் கூச்சமும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். விவேக்நகர் பக்கம் ஒரு பள்ளிவிடும் நேரத்தில் பார்த்தேன். பூக்கூடையோடு நின்ற அம்மா “பாப்பா, இங்க வாடி” என்று சத்தமாகக் கூப்பிட்டார். ஆறாவது படிக்கும் வயதிருக்கும் அந்தப் பெண் ஓடி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “மா, இங்க தமிழ்ல கத்தாதமா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள். அம்மா பதில் பேசாமல் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பெண்ணிடம் என்ன தவறு காண முடியும்? 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிக்காக இந்த ஊர் எரிந்தபோது, வெளியே தமிழில் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் பெற்றோர்தான். உயிருக்குப் பயந்து சொன்னார்கள். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையே 18 வருடம் மூடிக்கிடந்தது. 2009 ஆகஸ்டில் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறக்கும்வரை, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் இரண்டு மாநிலத்துப் பெரியவர்களுக்கும் இருந்தது. பதினொரு வயதுப் பெண்ணிடம் அதைவிடத் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எனவே, அடுத்தவர் பேச்சைப் பற்றிய பயம் எல்லாமே கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. டி-ஷர்ட் ஆய்வு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உச்சரிப்பை, நிறத்தை, சாதியை, அப்பாவின் தொழிலை வைத்துத் தினமும் கேலி செய்கிற வகுப்பில், பார்வையாளர்கள் நிஜமானவர்கள். அங்கே பிள்ளையைப் பார்த்து “நீ கண்டுக்காத” என்று சொல்வது, அடிக்கிறவனை விட்டுவிட்டு அடிவாங்குகிறவனுக்கு மரத்துப்போகப் பயிற்சி கொடுப்பது. அப்போது பெரியவர் செய்ய வேண்டியது பள்ளிக்கு நடந்து போய்ப் பேசுவது. அதையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, அதன் மானம் போகாத விதத்தில் செய்வது.

சரி, அப்படியானால் வெட்கமே இல்லாமல் பிள்ளைகளை வளர்ப்பதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. குறளில் நாணுடைமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நாம் நாணத்தைப் பெரிதாக மதிக்கும் கூட்டம். தங்கையின் பென்சிலைப் பிடுங்கிய பிள்ளை, அவள் அழுவதைப் பார்த்துக் குறுகத்தான் வேண்டும். அந்தக் குறுகல் தான் செய்த செயலைப் பற்றியது. தங்கையிடம் போய்த் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். கடைசி மதிப்பெண் வாங்கி நாற்பது பேர் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு வருவது அது போன்றதன்று. அங்கே திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை, தன்னையே மறைத்துக்கொள்வதைத் தவிர வழியும் இல்லை. முதலாவது ஒரு மனிதனைத் திருத்துகிறது. இரண்டாவது பொய் சொல்லவும், ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடவும் கற்றுக்கொடுக்கிறது. யார் நினைப்பதற்கெல்லாம் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கவே பிள்ளை பழக வேண்டும். தாத்தா வருத்தப்படுவார் என்பது ஒரு கணக்கு, இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒருவன் சிரிப்பான் என்பது வேறு கணக்கு.

“நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?” என்பது அடுத்த வாதம். நல்லாத்தான் இருக்கிறோமா என்பதை நம் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ஐம்பது வயதில், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எந்த நகையைப் போட்டுப் போவது என்று தூக்கம் கெட்டு, கடன் வாங்கி வீட்டுக்கு கிரகப்பிரவேசம் வைத்து, மகனுக்கு அரசு வேலை இல்லை என்பதால் விசேஷங்களைத் தவிர்க்கும் தலைமுறை, அடுத்தவர் கருத்தைக் கையாளத் தெரிந்த தலைமுறையா? அடி நமக்குக் கற்றுக்கொடுத்தது அடக்கத்தை மட்டும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கைப்பேசியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். கைப்பேசி, இணையம் ஆகியவற்றின் மிதமிஞ்சிய பழக்கத்துக்கென்று நாட்டிலேயே முதல் சிறப்புச் சிகிச்சைப் பிரிவை 2014-இல் நிமான்ஸ் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் இருந்து 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கையே தடுத்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று போகப் போகத் தெரியும். ஆனால் பிள்ளை தன் முதல் ‘லைக்’கைத் தன் கணக்கில் வாங்குவதில்லை. அது பிறந்த நாளிலிருந்து அதன் குளியலும் அழுகையும் அம்மா, அப்பாவின் ஸ்டேட்டஸில் ஓடியிருக்கின்றன. அதன் மதிப்பெண் பட்டியல் அபார்ட்மென்ட் குழுவில் கைதட்டல் சின்னங்களை வாங்கியிருக்கிறது. கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், பிள்ளையைக் கேட்டுவிட்டுப் படம் போடும் பழக்கத்துக்கு நாம் வரலாம்.

சட்டம் ஒன்றும் சும்மா இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவர் விசாகப்பட்டினத்தில் இறந்த வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. தீர்ப்பு அந்த எண்ணை எடுத்துவைத்தே பேசுகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்த நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஒரு கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளராவது இருக்க வேண்டும். சின்ன நிறுவனங்கள் வெளியே இருக்கும் நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு பிரிக்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரு முறையாவது பயிற்சி வேண்டும். உரிய சட்டமோ விதிமுறையோ வரும்வரை இதுவே சட்டம்.

பெங்களூருவில் எத்தனை பள்ளிகளில் இது நடக்கிறது? கவுன்சலர் என்ற பலகை மாட்டிய அறை பல பள்ளிகளில் இருக்கிறது. அங்கே அனுப்பப்படுவதே தண்டனை என்று பிள்ளைகள் நினைப்பதுதான் சிக்கல். வகுப்பின் நடுவில் பியூன் வந்து, “கவுன்சலர் மேடம் கூப்பிடுறாங்க” என்று பெயர் சொல்லி அழைத்தால் அந்தப் பிள்ளை இனி அந்தப் பக்கம் போகாது. கே.ஆர்.புரம் சந்துகளில் குறைந்த கட்டணத்தில் நடக்கும் பள்ளிகளுக்குத் தனியாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது கடினம் என்பதும் உண்மை. நாலைந்து பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளுக்கு அரசே நியமிக்க வேண்டும், இதில் சமாதானம் எதுவும் வேண்டாம். 2015-16-இல் நிமான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம், கிராமங்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நாற்பது பேர் இருக்கும் பெருநகர வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியுமா?

உடனடியாகப் பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது. இதற்கும் நிமான்ஸ்தான் தலைமை மையம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளையும் கூப்பிடலாம், பிள்ளையை என்ன செய்வது என்று தெரியாத அம்மாவும் கூப்பிடலாம்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. 2023-இல் சிபிஎஸ்இயும் தகுதிப் பட்டியல் வெளியிட மாட்டோம் என்றது. ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்க்க என்பதே காரணம். அரசு நிறுத்தியதைத் தனியார் எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல், மே வந்தால் ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் பியு கல்லூரிகள், கோச்சிங் நிலையங்களின் ஃபிளெக்ஸ் பலகைகளில் பாஸ்போர்ட் அளவு முகங்கள் வரிசையாகத் தொங்கும். கர்நாடக எஸ்எஸ்எல்சியில் 625-க்கு 625 எடுத்த பிள்ளையின் முகம் நடுவில் பெரிதாக இருக்கும். 580 எடுத்த பிள்ளைக்கு இடம் இருக்காது. நன்றாகவே படித்த அந்தப் பிள்ளை தினமும் அந்தப் பலகைக்கு அடியில்தான் பேருந்துக்குக் காத்து நிற்கிறது. நடுவில் இருக்கும் பிள்ளைக்கும் அது சுகமில்லை. பியு முதல் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் படங்கள் பெற்றோர் கொடுக்காமல் வருவதில்லை. ஆகவே வரும் ஆண்டில் உங்கள் மகனோ மகளோ முதலிடம் வந்து, பள்ளியிலிருந்து போட்டோ கேட்டுக் கூப்பிட்டால், பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுங்கள், பிரியாணி வாங்கிக் கொடுங்கள். போட்டோவை மட்டும் கொடுக்காதீர்கள். அதே போனில், “உங்க பள்ளியில கவுன்சலர் யாரு, எந்தெந்த நாள் வர்றாங்க?” என்று ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள். முதலிடம் வந்த பிள்ளையின் பெற்றோர் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லும்.